கச்சான் விளையும் ஊரில் ஒவ்வாமையோடு ஒரு பிள்ளை

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் ஒரு பிள்ளையைக் கச்சானில் (நிலக்கடலையில்) இருந்து விலக்கி வளர்ப்பது எவ்வளவு சிரமமான காரியம் என்பது இங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். விசுவமடு, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் பக்கங்களில் மேட்டுநிலப் பயிர் என்றால் கச்சானும் உழுந்தும் பயறுந்தான். அறுவடைக் காலத்தில் முற்றம் முழுவதும் கச்சான் காய்கிறது. திண்ணையில் இருந்தபடி கதைத்துக்கொண்டே கோது உடைக்கிறார்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போனால் வீதியின் இரு பக்கமும் கச்சான் கடைகள். கோவிலுக்குப் போனவர் ஒரு கச்சான் சரை இல்லாமல் வீடு திரும்பினால் பிள்ளைகள் அவரைக் கோவிலுக்குப் போனவராகவே கணக்கில் எடுப்பதில்லை.

எங்கள் மகன் மூன்று வயதில் கச்சான் அல்வா ஒரு துண்டு தின்றான். பத்து நிமிடத்துக்குள் உதடு வீங்கியது, உடம்பெல்லாம் தடித்தது, சத்தி எடுத்தான், பிறகு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. வைத்தியசாலையில் தொடையில் போட்ட அட்ரினலின் ஊசியால் மீண்டான். அந்தச் சம்பவத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பின்னர் நடந்தவைதான் இந்தக் கட்டுரைக்கு உரியவை. அதிலும், ஒவ்வாமை நிபுணர் ஒருவரிடம் எதைக் கேட்கப் போனோம், எதைக் கேட்டுக்கொண்டு வந்தோம் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அந்த நாளில் இருந்து அவனுடைய கோப்பையில் உணவுகள் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கின. கச்சானும் பருப்பும் ஒரே குடும்பத்துத் தாவரங்கள் என்பதால் பருப்பு, உழுந்து, பயறு, கடலை அனைத்தையும் நிறுத்தும்படி அறிவுரை வந்தது. மாமி தன் பங்குக்குக் கத்தரிக்காய், கணவாய், இறால், அன்னாசி என்று, சொறியைக் கிளப்பும் என்று ஊரில் நம்பப்படும் கிரந்திச் சாப்பாடுகள் எல்லாவற்றையும் விலக்கினார். (மாமியை நான் குறை சொல்ல மாட்டேன், அவருடைய பட்டியல் இலவசமாகவாவது கிடைத்தது.) பெரிய பட்டியல் நகரத்துத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இருந்து வந்தது. ஒரு குப்பி இரத்தமும் கணிசமான பணமும் பெற்றுக்கொண்டு, பல பக்கங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் அச்சிட்ட அறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் பால், முட்டை, கோதுமை, தக்காளி, வாழைப்பழம் ஆகிய அனைத்தும் சிவப்பு. நிறை ஏறவில்லை என்று குடும்பநல மருத்துவமாது கொடுத்த திரிபோஷ என்ற சத்துமாவும் சோயா கலந்தது என்பதால் நின்றது. சைவச் சாப்பாடே அதிகம் சமைக்கும் ஒரு வீட்டில் பருப்பும் உழுந்தும் பாலும் இல்லையென்றால் மிஞ்சுவது சோறும் இலைக்கறியுந்தான். வளர்ச்சிப் பதிவேட்டில் ஏறிக்கொண்டிருந்த கோடு முதலில் படுத்தது, பிறகு சரிந்தது.

கிளிநொச்சியில் எங்களைப் பார்த்த குழந்தை நல வைத்தியர் அந்தக் கோட்டைத்தான் நெடுநேரம் பார்த்தார். நிற அறிக்கையை ஒரு தரம் புரட்டிவிட்டு மூடி வைத்தார். "இப்ப இவருக்குக் கச்சானை விடப் பசிதான் பெரிய வருத்தம்," என்று சொல்லி, கொழும்பில் உள்ள நோயெதிர்ப்பியல் நிபுணருக்குக் கடிதம் எழுதித் தந்தார். எங்களுக்குள் இருந்த எதிர்பார்ப்போ வேறு. கனடாவில் இருக்கும் தம்பி, கச்சான் ஒவ்வாமைக்கு அங்கே சிகிச்சை வந்துவிட்டது, கச்சானையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பைப் பழக்குகிறார்கள் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தான். அந்தச் சிகிச்சையை எங்கள் பிள்ளைக்கும் செய்யலாமா என்ற ஒரே கேள்வியுடன்தான் நாங்கள் புறப்பட்டோம்.

புறப்படுவதற்கு முன்னரே செய்ய வேண்டிய வேலைகள் இருந்தன. முதலாவது, பிரிட்டன் (Piriton) போன்ற ஒவ்வாமை மாத்திரைகளையும் பாணிகளையும் ஏறத்தாழ ஒரு கிழமைக்கு முன்பே நிறுத்த வேண்டும். அவை உடம்பில் இருந்தால் தோலில் செய்யும் பரிசோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டும். நெஞ்சு இழுப்புக்கான இன்ஹேலரை மட்டும் நிறுத்தவே கூடாது. இரண்டாவது, பிள்ளையின் கதையை எழுதிக்கொண்டு போக வேண்டும். என்ன தின்றான், எவ்வளவு தின்றான், எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது, எவ்வளவு நேரத்தில் அடங்கியது, அன்று காய்ச்சல் இருந்ததா, ஓடி விளையாடினானா, அதே உணவை அதற்கு முன்பு தின்று சும்மா இருந்தானா என்பவற்றை எல்லாம் நான் ஒரு கொப்பியில் எழுதினேன். நிபுணர் ஆய்வுகூட அறிக்கையை விட அந்தக் கொப்பியைத்தான் கவனமாக வாசித்தார். அவர் சிங்களவர், என் கொப்பி தமிழில் இருந்தது, அங்கிருந்த தமிழ்த் தாதி ஒருவர் வரி வரியாக வாசித்துச் சொன்னார். அதற்கு அரைமணி நேரம் எடுத்தும் நிபுணர் அவசரப்படவில்லை.

உணவு ஒவ்வாமையில் மிகவும் ஆபத்தான வகை, உடல் ஐஜிஈ (IgE) என்ற பிறபொருளெதிரியை (நோயெதிர்ப்புப் புரதத்தை) உருவாக்குவதால் வருவது. அந்த வகையில் அறிகுறிகள் உண்ட சில நிமிடங்களில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தோன்றும்; அதே உணவை மறுபடி உண்டால் மறுபடியும் தோன்றும். இந்த இரண்டு கேள்விகளாலேயே எங்கள் பட்டியலில் பாதி கழிந்துவிட்டது. கத்தரிக்காய் தின்று மூன்றாம் நாள் சொறிந்ததும், வாழைப்பழம் தின்ற மாதத்தில் தடிமன் பிடித்ததும் ஒவ்வாமைக் கணக்கில் சேரவில்லை. ஆய்வுகூடத்து நிற அறிக்கை அளந்தது ஐஜிஈயை அல்ல, ஐஜிஜி (IgG) என்ற வேறொரு பிறபொருளெதிரியை. ஓர் உணவை வழக்கமாக உண்பவரின் உடம்பில் அந்த உணவுக்கு எதிரான ஐஜிஜி இருப்பது இயல்பு; அது அவர் அதை உண்கிறார் என்பதற்கு அடையாளமே தவிர நோய்க்கு அடையாளம் இல்லை. ஐரோப்பிய ஒவ்வாமை மற்றும் மருத்துவ நோயெதிர்ப்பியல் கழகம் 2008ஆம் ஆண்டிலேயே இத்தகைய பரிசோதனையை உணவு ஒவ்வாமையைக் கண்டறியப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்திருக்கிறது. அப்படியிருந்தும் அது இன்றும் விற்பனையாகிறது, நம்மைப் போன்றவர்கள் நகையை அடகு வைத்தும் செய்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

தோல் பரிசோதனையைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மகனின் முன்கையைக் கழுவித் துடைத்து, தாதி பேனையால் சிறு கோடுகளும் எழுத்துகளும் இட்டார். ஒவ்வொரு கோட்டுக்கும் அருகில் ஒரு துளி: கச்சான், பால், முட்டை வெள்ளைக்கரு, கோதுமை, சோயா, மரமுந்திரிகை, எள்ளு. இவற்றோடு, தோல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஹிஸ்டமின் ஒரு துளி, ஒப்பிடுவதற்கு வெறும் உப்புநீர் ஒரு துளி. பிறகு ஒவ்வொரு துளியின் நடுவிலும் கூரிய சிறு முனையால் இலேசாக ஒரு குத்து. இரத்தம் வரவில்லை, அழவும் இல்லை, ஆனால் பதினைந்து நிமிடம் சொறியாமல் இருக்கச் சொன்னதுதான் அவனுக்குத் தண்டனையாக இருந்தது. கச்சான் துளி விழுந்த இடம் நுளம்பு கடித்ததுபோல் முதலில் சிவந்து, பிறகு வெளிறிய மேடாகக் கிளம்பி, ஓரங்களில் கால் விட்டுப் படர்ந்தது. தாதி அடிமட்டம் வைத்து அளந்தார்: கச்சான் 9 மில்லிமீற்றர், ஹிஸ்டமின் 5, முட்டை 4, பால், கோதுமை, சோயா, மரமுந்திரிகை, எள்ளு ஒன்றுமில்லை.

உப்புநீர்த் துளியை விட 3 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ வீங்கினால் அதை 'உண்டு' என்று கணக்கிடுவார்கள். ஆனால் அந்த 'உண்டு' என்பதன் பொருள் உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டு எதிர்ப்பை வைத்திருக்கிறது என்பதுதான். உண்டால் நோய் வரும் என்று அதனால் மட்டும் சொல்லிவிட முடியாது. வீக்கம் பெரிதாகப் பெரிதாக ஒவ்வாமை இருப்பதற்கான வாய்ப்புக் கூடுகிறது, ஆயினும் அடுத்த தடவை எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அந்த அளவு சொல்லாது. கச்சானில் அல்வாக் கதையும் 9 மில்லிமீற்றரும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நின்றதால் வேறு பரிசோதனை தேவைப்படவில்லை. முட்டை அப்படியில்லை. குழந்தையாக இருந்தபோது பொரித்த முட்டை தின்று வாயைச் சுற்றித் தடித்திருக்கிறது. ஆனால் பிறந்தநாள் கேக் தின்று ஒன்றும் நடக்கவில்லை. நீண்ட நேரம் கடும் சூட்டில் வேகும்போது முட்டையின் புரதம் உருமாறுவதால், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் கேக், பிஸ்கட் வடிவில் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். ஆகவே கேக்கை நிறுத்த வேண்டாம், தாங்கும் வடிவில் தொடர்ந்து கொடுங்கள், அவித்த முட்டையை மட்டும் வைத்தியசாலை வார்டில் வைத்துக் கொடுத்துப் பார்ப்போம் என்றார். அப்படி வைத்தியரின் கண் முன்னால் சிறிது சிறிதாகக் கூட்டி உண்ணக் கொடுத்துப் பார்ப்பதுதான் உணவு ஒவ்வாமையில் இறுதியான பரிசோதனை. இரத்தமும் தோலும் அதற்குக் கீழேதான்.

பருப்புக்கும் உழுந்துக்கும் பயறுக்கும் தீர்ப்பு மிக எளிதாகக் கிடைத்தது. கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் பெரும்பான்மையோர் மற்றப் பருப்பு வகைகளை எந்தச் சிக்கலும் இல்லாமல் உண்கிறார்கள். இவன் அல்வா தின்பதற்கு முதல் நாள் வரைக்கும் தோசை தின்றவன். ஊருக்கு வந்த அன்றே உழுந்து ஊறப் போட்டோம். பாலும் திரிபோஷவும் அதே கிழமையில் திரும்பின.

இனி, நாங்கள் கேட்கப் போன கேள்விக்கு வருகிறேன். தம்பி சொன்னது பொய்யில்லை. கச்சான் மாவை மருந்தளவில் கொடுக்கும் 'பல்ஃபோர்சியா' என்ற தயாரிப்பை அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2020 ஜனவரியில் 4 முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு அனுமதித்தது. முதல் நாள் அரை மில்லிகிராம் புரதத்தில் தொடங்கி, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அளவைக் கூட்டி, ஏறத்தாழ ஆறு மாதத்தில் 300 மில்லிகிராமை அடைகிறார்கள். 300 மில்லிகிராம் என்பது கிட்டத்தட்ட ஒரேயொரு கச்சான் பருப்பில் உள்ள புரதம். அதை எட்டிய பின்னர் நாள் தவறாமல் அதே அளவைத் தொடர வேண்டும். இதன் நோக்கம் பிள்ளை கோவில் வீதியில் சரை வாங்கிக் கொறிப்பது அல்ல. தவறுதலாக ஒன்றிரண்டு பருப்பு வாய்க்குள் போனால் உயிருக்கு ஆபத்து வராமல் தடுப்பது. 2018இல் வெளிவந்த பெரிய ஆய்வில் இந்தச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் 67 சதவீதத்தினர் 600 மில்லிகிராம் புரதத்தைத் தாங்கினர். ஒப்பிடுவதற்காகக் கச்சான் இல்லாத வெறும் மா பெற்றவர்களில் அது 4 சதவீதந்தான். இதே ஆய்வின் மறுபக்கத்தையும் நிபுணர் சொன்னார்: அட்ரினலின் ஊசி தேவைப்பட்டவர்கள் சிகிச்சை பெற்ற அணியில் 14 சதவீதம், மற்ற அணியில் 6.5 சதவீதம். அதாவது விபத்துக்கு எதிராகப் பிள்ளையைக் காக்கும் அதே சிகிச்சை, அது நடக்கும் காலத்தில் வீட்டிலேயே கூடுதலான ஒவ்வாமைத் தாக்கங்களைக் கொண்டு வருகிறது.

இதை அவர் சொன்ன பிறகு எங்களிடம் கேட்ட கேள்விகள்தான் எனக்கு இன்னமும் மனதில் நிற்கின்றன. வீட்டில் இருந்து அட்ரினலின் உள்ள வைத்தியசாலைக்கு எவ்வளவு தூரம்? இரவில் வாகனம் கிடைக்குமா? மாரியில் வீதி எப்படி? அளவு கூட்டும் ஒவ்வொரு தடவையும் கிளினிக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை யார் பிள்ளையுடன் வருவது? பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருந்து உள்ளே போகும் மண் ஒழுங்கையில் எங்கள் வீடு. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை 20 கிலோமீற்றருக்கும் மேல். கொழும்போ 300 கிலோமீற்றருக்கும் மேல். கணவருக்கு வயல், எனக்குப் பாடசாலை. மருந்தை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, கொடுத்த பிறகு சில மணி நேரம் ஓடி விளையாட விடக் கூடாது, காய்ச்சல் வந்தால் வைத்தியரைக் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும் என்ற விதிகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முட்டு இழுக்கும் பிள்ளைக்கு அந்த முட்டு முழுமையாகக் கட்டுக்குள் வராமல் இதைத் தொடங்கவே கூடாது. எங்கள் மகனுக்குக் குளிர் காலத்தில் இழுப்பு வருகிறது. எனவே அவருடைய தீர்ப்பு தெளிவாக இருந்தது: இப்போது வேண்டாம், இன்ஹேலரை ஒழுங்காகக் கொடுத்து இழுப்பை அடக்குங்கள், பிறகு கதைப்போம்.

2024 பெப்ரவரியில் அமெரிக்காவில் உணவு ஒவ்வாமைக்கும் அனுமதிக்கப்பட்ட ஓமலிசுமாப் ஊசியைப் பற்றியும் கேட்டோம். ஐஜிஈயையே பிடித்து முடக்கும் மருந்து அது. முன்பிருந்தே ஆஸ்துமாவுக்குப் பயன்பட்டு வருகிறது. இரண்டு அல்லது நான்கு கிழமைக்கு ஒரு தடவை போட வேண்டும், நிறுத்தினால் பாதுகாப்பும் போய்விடும், விலையோ எங்களைப் போன்றவர்கள் யோசிக்கக்கூடியது அல்ல. அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

தூரத்திலிருந்து வருபவருக்கு 'வேண்டாம்' என்ற பதில் ஏமாற்றமாகவே இருக்கும். எங்களுக்கு அப்படி இருக்கவில்லை என்றால் அது பொய். ஆனால் சிகிச்சை நல்லதா கெட்டதா என்று மட்டும் சொல்லாமல், எங்கள் ஒழுங்கையையும் எங்கள் வேலையையும் கேட்டு, அந்தச் சிகிச்சை எங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். கூகிளும் தம்பியும் அந்தக் கேள்விகளைக் கேட்கவில்லை.

மீதி நேரம் முழுவதும் அட்ரினலின் பற்றியே போனது. வெளிநாடுகளில் பேனை வடிவில் கிடைக்கும் தானியங்கி ஊசி எங்கள் பக்கத்து மருந்தகம் எதிலும் இல்லை. ஆகவே கண்ணாடி அம்பியூலில் இருந்து 1 மில்லிலீற்றர் சிரிஞ்சில் மருந்து இழுக்க எனக்கும் கணவருக்கும் பழக்கினார்கள். நிறையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது கணக்கு. 15 கிலோ நிறையுள்ள மகனுக்கு 0.15. (இதை வாசித்துவிட்டு யாரும் தாங்களாக அளவு தீர்மானிக்கக் கூடாது, உங்கள் பிள்ளையின் அளவை உங்கள் வைத்தியர் எழுதித் தர வேண்டும்.) கழுத்தை உடைக்கும்போது துணி சுற்றிப் பிடிப்பது, ஊசியின் முனை மருந்துக்குள்ளேயே நிற்க மெதுவாக இழுப்பது, குமிழியைத் தட்டி வெளியேற்றுவது, கோட்டைக் கண் மட்டத்தில் வைத்துப் பார்ப்பது என்று ஒவ்வொன்றும் கை பழக வேண்டியவை. வீட்டுக்கு வந்து வெறும் நீரை இழுத்துத் தோடம்பழத்தில் குத்திப் பழகினோம். கணவர் மண்வெட்டி பிடிக்கும் கையால் அந்தச் சிறிய கோட்டில் நிறுத்துவதற்குப் பட்ட பாடு பெரியது. இப்போது என்னை விட அவர்தான் வேகம். போடும் இடம் தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதி. அவசரத்தில் காற்சட்டைக்கு மேலாலும் போடலாம். போட்டவுடன் 1990 சுவசெரியவை அழைக்க வேண்டும். 2018இல் வட மாகாணத்துக்கு வந்த அந்த இலவச அம்புலன்ஸ் சேவை எங்களைப் போன்ற உட்கிராமத்தவருக்குப் பெரிய துணை. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும், மூச்சு முட்டினால் இருக்க வைக்கலாம், எழுந்து நடக்க மட்டும் விடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் இரண்டாவது ஊசி. சுகமாகிவிட்டான் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும். பிரிட்டன் பாணி தடிப்பையும் தினவையும் அடக்கும், மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் காப்பாற்றாது.

அட்ரினலின் 25 பாகை செல்சியசுக்குக் கீழே, வெளிச்சம் படாமல் இருக்க வேண்டும். ஓகஸ்ட் மாதத்து வன்னியில் அது சின்ன விடயமில்லை. உறையவும் கூடாது என்பதால் குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் வைக்க முடியாது. வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பெட்டிக்குள்ளும் வைக்க முடியாது. வீட்டில் ஒன்று, முன்பள்ளியில் ஒன்று, பயணப் பையில் ஒன்று என வைத்து, காலாவதித் திகதிகளைச் சுவர்க் கலண்டரில் குறித்திருக்கிறோம்.

ஊருக்குள் வாழ்வது பற்றிக் கேட்டபோது கிடைத்த பதில்கள் எங்களுக்கு நிம்மதி தந்தன. பக்கத்து வளவில் கச்சான் வறுக்கும் மணத்தால் பிள்ளைக்கு உயிராபத்து வராது. வாய்க்குள் போவதுதான் ஆபத்து. கோது உடைத்த கையால் தூக்கினால் தொட்ட இடம் தடிக்கலாம், அவ்வளவுதான். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும், வெறும் தண்ணீரும் கைக்குப் பூசும் ஜெல்லும் போதாது. மரமுந்திரிகை அவனுக்குத் தோலில் ஒன்றும் காட்டவில்லை என்றாலும் கச்சான் கடையில் வாங்கிக் கொடுக்க முடியாது. கச்சானும் கடலையும் மரமுந்திரிகையும் ஒரே தாச்சியில், ஒரே சூடான மணலில், ஒரே அகப்பையால் புரட்டப்படுவதை அங்கே நின்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மிக்ஸரும் அதே காரணத்தால் விலக்கு. முன்பள்ளி ரீச்சரிடம், "பிறந்தநாளுக்கு வாற இனிப்பு ஒண்டும் எங்களைக் கேக்காமல் குடுக்காதேங்கோ ரீச்சர்," என்று சொல்லி, பிள்ளைக்கென்று பிஸ்கட் பெட்டி ஒன்றை அங்கேயே வைத்துவிட்டோம். ரீச்சரும் தோடம்பழத்தில் ஊசி போட்டுப் பழகியிருக்கிறார்.

எழுந்து வரும் நேரத்தில் மடியில் இருந்த மகளைக் காட்டி, இவளுக்கும் கச்சானை மறைத்து வைப்பதா என்று கேட்டேன். நிபுணர் மறுபடியும் கதிரையில் அமர்ந்துவிட்டார். 2015இல் இலண்டனில் கிடியன் லாக் என்பவரின் குழு வெளியிட்ட ஆய்வு அவர் சொன்ன பதிலின் அடிப்படை: கடுமையான கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய அந்த ஆய்வில், தோல் பரிசோதனையில் கச்சானுக்கு எதுவும் காட்டாதவர்களுள், ஐந்து வயது வரை கச்சானைத் தவிர்த்த பிள்ளைகளில் 13.7 சதவீதத்தினருக்கும், குழந்தைப் பருவத்தில் இருந்தே உண்டு வந்தவர்களில் 1.9 சதவீதத்தினருக்கும் மட்டுமே கச்சான் ஒவ்வாமை வந்தது. மறைப்பதால் வருவதைத் தடுக்க முடியாது. மறைப்பதே அது வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடும். கர்ப்ப காலத்தில் நான் கச்சான் தின்றதால்தான் மகனுக்கு இப்படி ஆயிற்று என்ற ஊர்க் கதைக்கும் அவர் அங்கேயே முற்றுப்புள்ளி வைத்தார். மகளின் கையிலும் ஒரு துளி வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று கண்ட பிறகு, முழுப் பருப்பாக அல்லாமல் நன்றாக அரைத்த களியாக, கிழமையில் சில நாள் கொடுக்கச் சொன்னார். முழுப் பருப்பு சின்னப் பிள்ளைகளுக்குப் புரைக்கேறிவிடும். மகன் இருக்கும் வீட்டில் அதை வைத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே மகள் கச்சான் தின்பது அம்மம்மா வீட்டில், கையும் வாயும் சவர்க்காரத்தால் கழுவித் துடைத்த பிறகுதான் வீட்டுக்கு வருவாள்.

கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில் ஐந்தில் ஒருவருக்கு வளர வளர அது தானாகவே நீங்கிவிடும். அந்த ஒருவரா இவன் என்று பார்ப்பதற்காக ஒரு வருடம் கழித்துத் தோல் பரிசோதனையை மறுபடி செய்வார்கள். அதற்கு முன் கிளிநொச்சியில் அவித்த முட்டைப் பரிசோதனைக்குத் திகதி கிடைத்திருக்கிறது. அன்று காலையில் அவனுக்குக் காய்ச்சலோ இழுப்போ இருந்தால் போக வேண்டாம் என்றும், முதல் நாள் இரவு நன்றாக நித்திரை கொள்ள வைக்கும்படியும் சொல்லியிருக்கிறார்கள். இன்ஹேலரைக் காலையிலும் மாலையிலும் கொடுத்து, இழுப்பு வந்த நாட்களைப் புதிய கொப்பி ஒன்றில் எழுதி வருகிறேன். மாரி முழுவதும் அந்தக் கொப்பி வெறுமையாக இருந்தால் கச்சான் மாச் சிகிச்சையைப் பற்றி மீண்டும் கேட்பதாக இருக்கிறோம்.